சொல்லிவிட்டுப் போகிறவர்

நான் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையே, தான் கட்சி மாறியவர் என்று அவர் என்னிடம் சொன்னார். மாறியது ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். இரண்டு பிள்ளை பெற்றவர் சொல்வதுபோலக் கூச்சநாச்சம் இல்லாமல் சொன்னார். நான் கோப்பியை வாயில் வைத்தபடி அவரையே பார்த்தேன். எங்கள் ஊரில் ஒருவர் களவெடுத்து மறியலில் கம்பி எண்ணினேன் என்றாலும் சொல்லுவார், கட்சி மாறினேன் என்று சொல்லமாட்டார்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா ஒருவர் தேர்தல் நேரத்தில் மேடை மாறிப் பேசினார். அன்றிலிருந்து என்னைப் பெற்ற ஐயா அவரைத் துரோகி என்றார். கொஞ்சக் காலத்தில் அவருடைய பெயரே அதுவாகிவிட்டது. சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது அடுத்த வளவில் மேளம் அடிக்க, ஐயா வானொலியைப் பெரிதாக முடுக்கி வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார். அம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் கைநீட்டிப் பலகாரம் வாங்கி எங்களுக்குத் தந்தார்.

அப்படியான வீட்டில் வளர்ந்தவளுக்கு இந்த மனிதரைப் பார்த்தால் எப்படி இருக்கும்? பிறர் கதை அறிகிற ஆசைக்கு யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்று பெயர். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கூட. ஆனால் இவர் விஷயத்தில் வெறும் விடுப்பு மட்டும் அல்ல. என்னுடைய ஒரே தம்பி அப்போது ஊரில் ஒரு இயக்கத்தில் இருந்தான். போனவன் திரும்பி வரமுடியாத இடம் அது என்று எல்லோரும் சொன்னார்கள். போய்த் திரும்பிய ஒருவரை, அதுவும் இரண்டு தரம் திரும்பிய ஒருவரை, நான் அப்போதுதான் முதன்முதல் கண்ணால் காண்கிறேன்.

துபாயில் ஜெபல் அலித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டகசாலைகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு யூகோஸ்லாவியக் கம்பெனியில் அவர்தான் சைட்டுக்குப் பெரியவர். அவருடைய ஊர்க்காரர் அவரை 'ஷெஃப்' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பாஷையில் பெரியவர் என்று அர்த்தமாம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எந்த நாடு என்று கேட்டால் யூகோஸ்லாவியா என்பார், மூச்சு விடாமல் 'ஆனால் குரோஷியாக்காரன்' என்று சேர்ப்பார். எனக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. நானும் சிறிலங்கா என்று சொன்ன கையோடு 'ஆனால் தமிழ்' என்று சேர்க்கிறவள்தானே.

அறுபதை எட்டிக்கொண்டிருந்தவர். பருத்த உடம்பு, காதுக்குள் மயிர், சைட்டுக்கு இறங்கும்போது தொப்பி மறந்துபோனால் பத்திரிகைத் தாளை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். கோப்பி மட்டும் தன் கையால்தான் போடுவார். நீளக் காம்பு வைத்த ஒரு செப்புக் கிண்ணத்தில், சின்ன மின்னடுப்பில், பொங்கி வரும்போது தூக்கித் தூக்கி வைத்து இறக்குவார். "கோப்பியையும் கெட்ட செய்தியையும் ஆறவிடக்கூடாது" என்பார். அவருடைய இங்கிலீஷ் முறிந்த இங்கிலீஷ். நடுவில் அரபும் ஹிந்தியும் சொந்தப் பாஷையும் வந்து விழும். தமிழில் எழுதும்போது நான் அதை நிமிர்த்தி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பின்னேரங்களில் மெஸ்ஸில் கூட்டம் வைப்பார். அவர்கள் நாட்டுக் கம்பெனிகளில் தொழிலாளரும் பெரியவர்களும் ஒன்றாக இருந்து கைதூக்கித்தான் எதையும் தீர்மானிப்பார்களாம். அந்தப் பழக்கத்தை இவர் பாலைவனத்துக்கும் கொண்டுவந்திருந்தார். மேசைக்கு ஒரு பக்கம் அவருடைய எஞ்சினியர்கள், மற்றப் பக்கம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள். தமிழ்நாட்டு ஆட்களுக்கு நான் மொழிபெயர்ப்பேன். ஒரு ஜூன் மாதம், டியூட்டியை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று பேச்சு. கொங்கிரீட் லொறி பிந்தித்தான் வருகிறது, ஆகவே ஆறு மணி என்று ஷெஃப் வெகுநேரம் வாதாடினார். நன்றாகத்தான் வாதாடினார். பலகை அடிக்கிற ஃபோர்மன், இராமநாதபுரத்துக்காரர், எழுந்து நின்றார்.

"சார், ஆறு மணிக்கு ஆரம்பிச்சா உச்சி வெயில்லயும் நிக்கணும். கம்பியத் தொட்டா கை வெந்து போவுது. லாரிக்காரன்கிட்ட நீங்க பேசலாம் சார். சூரியன்கிட்ட நாங்க பேச முடியுமா?"

நான் மொழிபெயர்த்தேன். ஷெஃப் எழுந்தார், தான் இருந்த கதிரையைத் தூக்கினார், மேசையைச் சுற்றிக் கொண்டுபோய் தொழிலாளர் பக்கத்தில் போட்டு இருந்துகொண்டு, அவர்கள் கேட்ட விடிகாலை நாலரை மணிக்கு ஆதரவாகக் கை தூக்கினார். எஞ்சினியர்கள் தங்கள் பாஷையில் கத்தினார்கள். அவர் சிரித்தார். "நான் மாறியதை எல்லோரும் பார்த்தீர்கள்தானே? அது போதும்" என்றார்.

வெளியே வந்ததும் ஃபோர்மன் என்னிடம், "நம்மூர்ல ராத்திரியோட ராத்திரியா தாவுவாங்க. இவரு பட்டப்பகல்ல நாற்காலியோட தாவுறாரே" என்றார். நான் கம்பெனி வான் வண்டியில் அஜ்மானில் இருந்த வீடு வரைக்கும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டு போனேன்.

அவருடைய முதல் மாற்றம் பதினேழு வயதில் நடந்தது. அப்பா விவசாயிகள் கட்சி, வீடு விவசாயிகள் கட்சி, கோழியும் விவசாயிகள் கட்சி என்பார். உலக யுத்தம் வந்தபோது இவர் நாஜிகளை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு மலைக்குப் போகத் தீர்மானித்தார். மற்றப் பெடியன்கள் இருட்டில் போனார்கள். இவர் விடிய எழும்பி, விவசாயிகள் கட்சியின் ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். அந்தத் தலைவர்தான் இவருக்கு ஞானத்தந்தையும்.

"நான் உங்கள் கட்சியை விட்டுப் போகிறேன் என்று சொன்னேன். கன்னத்தில் ஒன்று விட்டார். காது கேட்கவில்லை. பிறகு உள்ளே போய்த் தன்னுடைய சப்பாத்தைக் கொண்டுவந்து எறிந்தார். மலையில் பனி, முட்டாளே, என்றார்."

"அடித்ததற்குக் கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் வரவேண்டும்? நான் அவரை விட்டுப் போகிறேன். அவருக்கு ஏதாவது செய்ய இருக்கவேண்டாமா?"

இப்படித்தான் அவருடைய நியாயம். மாறுவது பிழை இல்லை. சொல்லாமல் மாறுவதுதான் பிழை. விட்டுப் போகிறவன் முகத்துக்கு முன்னால் போய் நின்று, ஏச்சையும் அடியையும் வாங்கிக்கொண்டு, முடிந்தால் அவர்கள் வீட்டில் ஒரு கோப்பியும் குடித்துவிட்டுப் போகவேண்டும். இதை அவர் வேதம்போலச் சொல்லுவார்.

அந்த வேதத்துக்கு ஒரு தரம் நல்ல அடி விழுந்தது. ஒரு மேசன், இவர் பிள்ளைபோலப் பார்த்தவன், தங்கை கலியாணம் என்று லீவு கேட்டு, இவரைக் கட்டிப்பிடித்து விடைபெற்றுப் போனான். திரும்பவில்லை. குவைத்தில் மங்காஃபில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான் என்பது தொழிலாளர் தங்கும் காம்ப் முழுக்கத் தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது. தெரியவந்தபோது காண்கிற ஆளையெல்லாம் பிடித்து, "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார். ஆள் போனதில் அவருக்குக் கவலை இல்லை. சொல்லாததுதான் நெஞ்சுக்குள் நின்றது. கடைசியில் ஃபோர்மன்தான் உண்மையைப் போட்டுடைத்தார்.

"சொன்னா பாஸ்போர்ட்டக் குடுக்க மாட்டீங்கன்னு பயம் சார்."

"நானா?" என்றார் ஷெஃப்.

பாஸ்போர்ட்டுகள் எல்லாம் கம்பெனி அலுமாரியில்தான் இருந்தன. சாவி அவருடைய மேசை லாச்சியில். அதைப்பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அடுத்த கூட்டத்தில், போகிறவன் வந்து சொல்லட்டும், முதலில் பாஸ்போர்ட்டைக் கையில் தருவேன், அதற்குப் பிறகுதான் ஏசுவேன் என்று அறிவித்தார். அப்படியே செய்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனிக்குப் போகப்போவதாக ஒரு மலையாளிப் பிளம்பர் வந்து சொன்னபோது, பாஸ்போர்ட்டைக் கொடுத்து, கோப்பியைக் கொடுத்து, நன்றி கெட்டவனே என்று கூரை அதிரக் கத்தி, கதவுவரை போனவனைத் திருப்பிக் கூப்பிட்டு, "அங்கே ஸ்டோர்க்காரன் கள்ளன், கவனம்" என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது மாற்றத்தைப்பற்றிக் கேட்கத்தான் எனக்குக் கனகாலம் எடுத்தது. யுத்தம் முடிந்து அவர் கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்கு மேயராக இருந்தார், பிறகு குரோஷிய சட்டசபையிலும் இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பாஷைக்கும் உரிமைக்குமாக ஒரு கிளர்ச்சி. இவர் கிளர்ச்சிக்காரர் பக்கம் பேசினார். பேசியது பிழை என்று சொல்லு, கட்சியில் இருக்கலாம் என்றார்கள். இவர் கட்சிச் சபைக்கு நேரே போய், அங்கத்துவ அட்டையைத் தலைவரின் மேசையில் வைத்தார். தலைவர் மலையில் இவரோடு ஒரே போர்வைக்குள் படுத்தவர்.

"என்ன சொன்னார்?"

"துரோகி என்றான். உன் தாய் உன்னைப் பெற்றிருக்கக் கூடாது என்றான். என் தாயை அவனுக்கு நன்றாகத் தெரியும். பிறகு அழுதான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை செஸ் விளையாட வருவாயா என்று கேட்டான்."

"போனீர்களா?"

"போகாமல்? அவன் மோசமான ஆட்டக்காரன். யாரும் அவனோடு விளையாடமாட்டார்கள்."

உத்தியோகம் போனது. யாரோ பழைய சினேகிதர் கம்பெனியில் இடம் பிடித்துக்கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்படித்தான் சட்டசபையில் இருந்தவர் ஜெபல் அலி மணலில் எனக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லும்போது கசப்பு ஒன்றும் இருக்கவில்லை. நான் தேடிப் பார்த்தேன், இருக்கவில்லை.

பிற்காலத்துக் கதை, கனகாலம் கழித்து நாங்கள் குடிபோன ரொறொன்ரோவில் எனக்குக் கிடைத்தது. எங்களோடு வேலைசெய்த ஒரு எஞ்சினியரைக் கடையொன்றில் கண்டேன். நாடு உடைந்து கட்சிகள் பெருகியபோது ஷெஃப் புதுக்கட்சி ஒன்றில் நின்று பாராளுமன்றத்துக்கு வந்தாராம். கொஞ்சக் காலத்தில், அண்டை அயல் வீடுகளை எரிப்பதற்கு நான் வரவில்லை என்று சபையிலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டு, நடந்துபோய் எதிர்ப்பக்கத்தில் இருந்தாராம். கதிரையையும் கொண்டு போனாரா என்று கேட்டேன். அங்கே கதிரைகள் நிலத்தோடு பூட்டியவை என்றார் எஞ்சினியர். அவர் காலமான செய்தியும் அதோடு வந்தது. செத்தவீட்டில் எந்தக் கட்சிக் கொடியைப் போர்த்தினார்கள் என்றும் கேட்டேன். கொடி ஒன்றும் இல்லை, ஆனால் எல்லாக் கட்சிக்காரரும் வந்து கல்லறைத் தோட்ட வாசலில் நின்று, அவர் யாருடைய ஆள் என்று சண்டை பிடித்தார்களாம்.

இவ்வளவும் கேட்கிறவர்களுக்குச் சுவாரசியமான கதை. ஆனால் அவரை நான் இன்றுவரை நினைப்பது தம்பியால்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இயக்கத்துக்குப் போனவன் அவன். இரண்டு மூன்று வருடத்தில் இயக்கங்கள் ஒன்றையொன்று அடிக்கத் தொடங்கின. விலகுகிறவனை விடமாட்டார்கள் என்ற கதையும் அதோடு பரவியது. ஒருநாள் வேலையிடத்துக்குத் தொலைபேசி வந்தது.

"அக்கா, நான் கொழும்பிலை நிக்கிறன். விட்டிட்டு வந்திட்டன். எப்பிடியாவது ஒரு விசா எடு."

உறவினர் ஒருவரின் கடைக்கு மேல்மாடியில் ஒளிந்திருந்தான். பொலிஸ் பிடித்தாலும் போச்சு, இயக்கத்துக்காரர் கண்டாலும் போச்சு. கடைக்காரர் மற்றப் பக்கத்தில் நின்று, கெதியாய்ப் பாருங்கோ பிள்ளை, கெதியாய்ப் பாருங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

கம்பெனிக்கு விசா கொடுப்பவர் கஃபீல் என்கிற உள்ளூர் அரபுக்காரர். கஃபீலிடம் இன்னாரை எடு என்று கேட்கவேண்டியவர் ஷெஃப். வீட்டில் என் கணவர் எச்சரித்தார்.

"இஞ்சாரும், உள்ளதெல்லாம் கொட்டிப் போடாதையும். கம்பி வேலை தெரிஞ்ச தம்பி எண்டு மட்டும் சொல்லும். இயக்கம் எண்டு காதிலை விழுந்தால் ஆர் விசா தருவினம்?"

ஓமப்பா என்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன். ஆனால் அந்த மனிதர் தன் கதை முழுவதையும் எனக்குச் சொல்லியிருந்தாரே. அவரிடம் பூசி மெழுக எனக்கு வாய் வரவில்லை. தம்பி ஒரு இயக்கத்திலிருந்து விலகி வந்திருக்கிறான் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"விலகினானா? நல்லது! அவர்களிடம் என்ன சொன்னான்?"

"சொல்லவில்லை. சொல்லமுடியாது."

"முடியாது என்று ஒன்று இல்லை. நான் இரண்டு தரம் சொன்னேன்."

"அங்கே அப்படி இல்லை, ஷெஃப்."

"எங்கேயும் அப்படித்தான். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது." அவர் கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சொல்லாமல் வந்தவன் விலகியவன் இல்லை, ஓடி வந்தவன். நாளைக்கு இங்கிருந்தும் ஓடுவான். மன்னித்துக்கொள். அப்படிப்பட்ட ஆளுக்கு நான் கஃபீலிடம் பேசமாட்டேன்."

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று கணவர் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. சரியாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் அழுகை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவரோடு பகை என்றால் அவர் கையால் பச்சைத்தண்ணீரும் வாயில் வைக்கமாட்டோம். நான் அவருடைய கோப்பியைக் குடிப்பதை நிறுத்தினேன். ஊற்றி வைப்பார், ஆறும், எடுத்துக்கொண்டுபோய் வெளியே ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவி அவர் மேசையில் வைப்பேன். சில நாள் பொறுத்தார். பிறகு, "இது என்ன?" என்று கேட்டார்.

"நான் உங்களோடு கோபம். உங்கள் முகத்துக்கு முன்னால் சொல்லுகிறேன். சொல்லவேண்டும் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்."

அவர் கையை விரித்தார். சொல்லு என்கிற மாதிரி.

"எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் இருந்தான்" என்றேன். "என் தம்பியோடு படித்தவன், அதே இயக்கத்துக்குப் போனவன். அவனும் உங்களைப்போலத்தான். நேரே போய்ச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள், எல்லோரும் சினேகிதர்கள்தானே என்று தாயிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனான். அடுத்தநாள் சந்தியில் மின்கம்பத்தில் கட்டிவிட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு அட்டை."

"அட்டையில் என்ன?"

"உங்கள் நண்பர் உங்களுக்குச் சொன்ன அதே சொல்."

அடுப்பில் கோப்பி பொங்கி வழிந்து கரிந்தது. அவர் பார்க்கவில்லை. தலையில் ஒன்றும் இல்லாமல் வெளியே போனார். கம்பிக்கட்டுகளுக்கு நடுவே அந்த வெயிலில் அவர் அங்குமிங்கும் நடப்பதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மயங்கி விழப்போகிறார் என்று பயந்தேன். கோபமும் இருந்தது, விழட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தேன். திரும்பி வந்தவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, என் மேசைக்கு என் பக்கத்தில் போட்டு இருந்தார்.

"என் ஞானத்தந்தை அடித்தார். என் நண்பன் ஏசினான். இரண்டு பேரிடமும் துவக்கு இருந்தது, இரண்டு பேரும் சுடவில்லை. நான் அதை என்னுடைய தைரியம் என்று இவ்வளவு காலமும் சொல்லித் திரிந்திருக்கிறேன். அது அவர்களுடைய நல்ல குணம்." முகத்தைத் துடைத்தார். "உன் தம்பியின் பெயரைச் சொல்லு. முழுப்பெயர்."

அன்றைக்கே தானே கார் ஓட்டிக்கொண்டு கஃபீலிடம் போனார். விசா வந்தது, தம்பியும் வந்தான்.

வந்தவனைப் பார்த்து நான் பயந்துபோனேன். காம்பில் கம்பி கட்டுகிறவர்களோடு சேர்த்துவிட்டார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் யாரோடும் வாய் திறக்கமாட்டான், பின்னால் யாராவது வந்தால் துள்ளித் திரும்புவான். நான் ஆக்கிக்கொண்டு போகிற புட்டும் மீன்குழம்பும் அப்படியே கிடக்கும். என்னடா, இனி என்ன பயம் என்று கேட்டேன்.

"பயம் இல்லையக்கா. சொல்லாமல் கொள்ளாமல் ஓடியந்திட்டன். என்னோடை நிண்ட பெடியள் இப்ப என்ரை பேரைச் சொல்லித் துப்புவாங்கள். துப்பத்தானே வேணும்."

இதை நான் ஷெஃப்பிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, காம்ப் முழுக்கப் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் போயிருக்கும் நேரம், தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒஃபீசுக்கு வா என்றார்.

போனோம். அவர் கோட்டுப் போட்டு, கழுத்துப் பட்டி கட்டி, பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். அவரை அந்தக் கோலத்தில் நான் கண்டதே இல்லை. என்னைக் கதவடியில் இருத்தினார். தம்பியை மேசைக்கு முன்னால் நிற்கச் சொன்னார்.

"அவனிடம் சொல்லு. நான்தான் அவனுடைய தலைவர். விட்டுப் போகிறேன் என்று என்னிடம் சொல்லட்டும்."

நான் சொன்னேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "என்னக்கா இது, நாடகமோ?"

"தமிழிலை சொல்லடா. அவருக்கு ஒண்டும் விளங்காது."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் காத்திருந்தார். வீட்டுக்குப் போவம் வா என்று நான் வாயெடுக்கப்போன நேரம் அவன் தொடங்கினான்.

"அண்ணை, நான் போகப்போறன்."

குரல் கீழேதான் இருந்தது. பிறகு ஏறியது.

"நான் வந்தது ஆமியோடை சண்டை பிடிக்க. ஒண்டாப் படிச்சவனைக் கொல்லுறதுக்கு இல்லை. அவன் தன்ரை பாட்டிலை வந்து, போறன் எண்டு சொன்னவன். அண்டைக்கு வாசலிலை காவல் நிண்ட சென்றி நான்தான். அவனுக்கு கேற்றைத் திறந்துவிட்டது நான்தான் அண்ணை. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு உள்ளை போனவன்."

எல்லாவற்றையும் அறிய ஆசைப்படுகிற எனக்கு, அன்று காதைப் பொத்தவேண்டும்போல் இருந்தது. மின்கம்பத்துப் பெடியனின் கதையை இவருக்குச் சொன்னவள் நான். அதில் என் தம்பி எங்கே நின்றான் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

ஷெஃப் மேசையில் ஓங்கி அடித்தார். எழுந்து நின்று தன் பாஷையில் கத்தத் தொடங்கினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. துரோகி என்றுதான் இருக்கவேண்டும், அந்தச் சொல்லுக்கு எல்லாப் பாஷையிலும் ஒரே முகம். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். தம்பி ஒரு அடி பின்னால் வைத்தான். பிறகு இரண்டு அடி முன்னால் வைத்து, இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, அவருடைய முகத்துக்கு நேரே கத்தினான்.

"நான் துரோகி இல்லை! அவனும் துரோகி இல்லை! கேட்டுதோ? அவனும் இல்லை!"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தம்பியின் கன்னத்தால் கண்ணீர் ஓடியது, அவன் துடைக்கவில்லை. ஷெஃப் மெல்ல மேசையைச் சுற்றி வந்தார். "கலாஸ்?" என்று கேட்டார். அந்தச் சொல் தம்பிக்குத் தெரியும். காம்பில் வேலை முடிந்தால் சொல்கிற சொல்.

"கலாஸ்" என்றான்.

அவர் கையை நீட்டினார். தம்பி அதைப் பிடித்தான். அவர் என்னைப் பார்த்து, "இனி அவன் போகலாம் என்று சொல்லு" என்றார். நான் சொன்னேன்.

"உண்மையாவோ?" என்று தம்பி கேட்டான். என்னிடம் அல்ல, அவரிடம், தமிழில்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கதவைத் திறந்து, அது அடித்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி அவரைக் கடந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியிறங்கி வெயிலுக்குள் போனான். ஓடவில்லை. நடந்துதான் போனான்.